மூன்றாவது துண்டு

எண்பது தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஹாலில் ஒரே ஒரு ஊசி உடைகிற சத்தம் யாருக்காவது கேட்குமா? ஜோசுவாவுக்குக் கேட்கும். அது அப்படியொன்றும் பெரிய சத்தம் இல்லை, நகம் வெட்டும்போது வருமே, அவ்வளவுதான். ஆனால் ஆம்பூரின் அந்த ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக வருடக்கணக்கில் நடந்து நடந்து அவன் காது அதற்கென்றே பழகிப்போயிருந்தது. அன்று மாலை டீ நேரம் முடிந்து, எல்லோரும் இடத்துக்குத் திரும்பி, ஹால் மறுபடி சூடுபிடித்த வேளையில் அது கேட்டது. திரும்பிப் பார்த்தான். ஜன்னல் ஓரத்து வரிசையில் செண்பகம் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, வலது கையை மேலே தூக்கியபடி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஊசி உடைந்தால் கையைத் தூக்க வேண்டும். எழுந்திருக்கக் கூடாது, மேஜையைத் துடைக்கக் கூடாது, பக்கத்து மெஷின்காரிகூட அசையக் கூடாது. துண்டுகள் விழுந்தது விழுந்தபடி கிடக்க வேண்டும்.

ஊசி விஷயத்தில் இந்தக் கம்பெனிகளுக்கு ஒரு சட்டம் உண்டு. உடைந்த ஊசியின் துண்டுகளை எல்லாம் பொறுக்கி எடுத்து, ஊசிக் கவுண்டரில் வெள்ளைத் துணிமேல் வரிசையாக வைத்து, முழு ஊசியாகச் சேருகிறதா என்று காட்ட வேண்டும். சேர்ந்தால்தான் புது ஊசி. கடுகளவு குறைந்தாலும் கிடையாது. அந்த மெஷினிலிருந்து போன சரக்கு மொத்தத்தையும் ஒதுக்கி வைத்துத் தேட வேண்டும். காணாமல்போன கடுகு ஷூவுக்குள் இருக்கலாம் அல்லவா? அன்று ஓடிக்கொண்டிருந்ததோ குழந்தைகள் ஷூ. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற சிவப்பு ஷூ. கணுக்காலில் உறுத்தாமல் இருக்கச் சுற்றிலும் மெத்தென்று ஃபோம் வைத்துத் தைத்தது. பக்கவாட்டில் பித்தளை முலாம் பூசிய இரும்பு பக்கிள் ஒன்று இருக்கும். அந்த பக்கிள் இருப்பதால் கடைசியில் ஊசி கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் விட்டும் பிரயோஜனமில்லை, அது எல்லா ஷூவுக்கும் ஒரேயடியாகக் கூவும். ஆகவே ஊசி இந்த ஹாலில் கிடைத்தால் உண்டு. கிடைக்காவிட்டால், எங்கேயோ ஒரு பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு நடக்கும்போதுதான் கிடைக்கும்.

முன்பெல்லாம் இப்படி ஒரு கை எழுந்தால் அடுத்த நொடியே ஜோசுவாவின் குரலும் எழுந்துவிடும். மெயின் சுவிட்சை இறக்கி லைனை நிறுத்துவான். தானே முட்டி போட்டு மேஜைக்கு அடியில் ஊர்வான். கண்ணில் பட்டவர்களை எல்லாம் கிழி கிழியென்று கிழிப்பான். கடைசித் துண்டு காந்தத்தில் ஒட்டிய பிறகுதான் வாய் மூடும். பெண்கள் அவனுக்குச் 'சங்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். கம்பெனிச் சங்காவது ஷிப்டுக்கு ஷிப்டு நேரம் பார்த்து ஊதும், இந்தச் சங்குக்கு நேரம் காலம் கிடையாது என்று சிரிப்பார்கள். அது அவன் காதுக்கும் எட்டியிருந்தது. எட்டியதும் அதற்கும் ஒருநாள் கத்தினான். மற்றபடி நல்ல மனுஷன்தான். யார் வீட்டிலாவது காய்ச்சல் என்றால் மேலே இருப்பவர்களிடம் சண்டை போட்டாவது அனுப்பி வைப்பான். கோபம்தான் மூக்கின் மேலேயே குடியிருந்தது.

போன மழைக்காலத்தில் ஒருநாள், கத்திக்கொண்டிருக்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு டாக்டர், "இதயம் நல்லாத்தான் இருக்குது. நீங்கதான் அதை நல்லா இருக்க விட மாட்டேன்றீங்க" என்றார். ஜோசுவாவின் மனைவி ஷர்மிளாவுக்கு ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. மாத்திரையால் மட்டும் தீருகிற வியாதி இது இல்லை என்று அவளுக்குத் தெரியும். யார் யாரிடமோ கேட்டு, அவன் போனில் ஒரு பேச்சை ஏற்றிக் கொடுத்தாள். "பாதி மாத்திரை, பாதி இது. பஸ்ஸுல தூங்காம கேளுங்க" என்றாள்.

ஜோசுவா வேண்டா வெறுப்பாகத்தான் அதைக் காதில் மாட்டினான். ஏதோ ஜெபக்கூட்டப் பிரசங்கமாக இருக்கும் என்று நினைத்தான். அது வேறாக இருந்தது. யாரோ ஒரு தமிழ் வாத்தியார், அவசரமே இல்லாத குரலில் சொல்லிக்கொண்டு போனார். இரண்டாயிரம் வருடத்துக்கும் முன்னால் கிரேக்க நாட்டில் ஸ்டாயிக் என்று ஒரு கூட்டம் இருந்ததாம். கடைத்தெருவில், தூண்கள் வைத்த ஒரு மண்டபத்தில் நின்று, போவோர் வருவோர் காதில் விழும்படி பேசினார்களாம். நடக்கிற எதையும் முதலில் இரண்டாகப் பிரி என்றார்களாம். உன் கையில் இருப்பது ஒன்று, இல்லாதது ஒன்று. இல்லாததற்காக நெஞ்சைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. மனசு கொதித்தால் உன்னை நீயே மேலே தூக்கிப் பார், வீட்டுக்கு மேலே, ஊருக்கு மேலே, மேகத்துக்கு மேலே. உன்னைக் கொதிக்க வைத்தது எவ்வளவு சின்னது என்று அங்கிருந்து தெரியும். இந்தப் பாடத்தை அடிமையாக இருந்த ஒருவரும் படித்தாராம், சக்கரவர்த்தியாக இருந்த ஒருவரும் படித்தாராம். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் நின்றிருந்தது. வெளியே ஒருவன் வேர்க்கடலைப் பொட்டலத்தை ஜன்னல் ஜன்னலாகத் தட்டிக்கொண்டிருந்தான். ஜோசுவாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ராஜாவுக்கும் அடிமைக்கும் ஒரே டென்ஷனா! அவ்வளவு தூரத்திலிருந்து, அவ்வளவு காலத்துக்கு அப்பாலிருந்து, ஆம்பூர் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற தன்னைத் தேடிக்கொண்டு அந்த வார்த்தை வந்து சேர்ந்திருப்பதை நினைக்க நினைக்க அவனுக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

ஒரே ஒரு குறை. பேச்சு நீளமானது, பஸ் பயணம் அவ்வளவு நீளம் இல்லை. பாதி ஓடும்போதே கம்பெனி கேட் வந்துவிடும். கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் பஸ்ஸில் பாட்டும் கூச்சலுமாக இருக்கும், ஒன்றும் காதில் விழாது. மறுநாள் காலை, விட்ட இடம் பிடிபடாமல், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். இப்படியே முதல் பாதி அவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மீதியில் என்ன சொன்னார்கள் என்று அவன் கேட்டதே இல்லை. கேட்டவரைக்கும் போதுமானதாக இருந்தது.

ஷர்மிளா அவனை ஓட்டாத நாள் இல்லை. ஒரு காலையில் அடுப்பில் பால் பொங்கி வழிவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றிருந்தான். "இன்னாங்க கிரேக்க ராஜா, அந்தப் பால் உங்க கையில இருக்குதா, இல்லயா?" என்று கேட்டுவிட்டு அவளே ஓடிவந்து அணைத்தாள். ஆனால் பிரஷர் பார்க்கிற பட்டையை அவன் கையில் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் முகம் மலர்ந்ததையும் அவன் கவனித்திருந்தான். அவன் தூங்கினான். சாப்பிட்டது செரித்தது. லைனில் கத்தி மாசக்கணக்கில் ஆகிவிட்டது.

ஆகவே இன்று அவன் கத்தவில்லை. மெதுவாக நடந்துபோய், செண்பகத்தின் மெஷின் பக்கம் குனிந்தான்.

"கையை இறக்கும்மா. எத்தனை துண்டு?"

"மூணா உடைஞ்சிருக்குது சார். தடியா இருக்கறது மெஷின்லயே இருக்குது. நடுத்துண்டு இதோ, தட்டுமேல. நுனியைத்தான் காணோம்."

செண்பகம் ஆலங்காயத்துப் பக்கத்துப் பெண். வார்த்தைக்கு வலிக்கும் என்பது போல அளந்து பேசுவாள். அவள் ஊசி அடிக்கடி உடைகிற ஊசியும் இல்லை. ஜோசுவா கைப்பிடிக் காந்தத்தை மேஜைமேல் ஓட்டினான். தரையில் ஓட்டினான். அவள் மடியில், புடவை மடிப்பில், செருப்பில் ஓட்டச் சொன்னான். நூல் பிசிறும் ஒரு பழைய ஆணியும் வந்தன. நுனி வரவில்லை.

"உடையும்போது, தைச்சதைப் போடற டிரே எங்க இருந்துச்சு?"

அவள் முகம் வாடியது. "பக்கத்துலதான் சார், தொறந்தே இருந்துச்சு. உடைஞ்ச அதே நேரம் பார்த்துத் தூக்கிட்டாங்க. நான் கையைத் தூக்கறதுக்குள்ள அது போய்ட்டுது. பின்னாடி வண்டியில மத்ததோட கொட்டிட்டாங்க."

ஜோசுவா திரும்பிப் பார்த்தான். ஹாலின் கடைசியில், சோல் ஒட்டும் பகுதிக்குப் போகிற தள்ளுவண்டி நின்றது. அதில் செண்பகம் தைத்ததும் மற்றவர்கள் தைத்ததுமாக, ஒரே சிவப்பாக, குட்டி குட்டி ஷூக்கள் குவிந்து கிடந்தன. எது யார் தைத்தது என்று இனி ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

அதற்குள் புரொடக்‌ஷன் மேனேஜர் வக்கார் அகமது படியிறங்கி வந்துவிட்டார். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்தபடியே எந்த மெஷின் நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர். கெட்டவர் இல்லை. காலையிலிருந்து வாசலில் கன்டெய்னர் லாரி நிற்கிறது. இந்தக் கடைசி ஜோடிகள் ஏறினால்தான் அது சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பும். இன்று விட்டால் கப்பல் போய்விடும். அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரை மணிக்கொரு தரம் போனில் வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா ஜோசுவா, ஏன் நிக்குது?"

"நுனி கிடைக்கல சார். சரக்கு கலந்துபோச்சு."

வக்கார் அகமது வண்டியைப் பார்த்தார். ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கீழதான் விழுந்திருக்கும். இப்பத்தான் பெருக்கினாங்க, குப்பையோட போயிருக்கும். இன்னைக்கு இந்தப் பேஜார் வேணாம் ஜோசுவா. கவுண்டர்ல ஊசியை வாங்கி ஓட்டுங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் மேலே போனார்.

சொல்ல வேண்டியதில்லைதான். எந்தக் கம்பெனியிலும் எந்த சூப்பர்வைசரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம், மேஜை டிராயரின் மூலையில் ஒரு தீப்பெட்டியாகக் கிடக்கும். குலுக்கினால் தீக்குச்சிச் சத்தம் வராது. பழைய ஊசிகளின் நுனிகள். ஒரு துண்டு கிடைக்காத நாளில், அதே தடிமனில் ஒன்றை அதிலிருந்து எடுத்து மற்ற துண்டுகளோடு சேர்த்துக் காட்டினால் கவுண்டரில் கணக்கு முடிந்துவிடும். ஜோசுவாவின் டிராயரிலும் ஒன்று உண்டு. அவனுக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவர் விட்டுப்போனது. அவன் அதைத் தூக்கிப் போட்டதும் இல்லை, திறந்ததும் இல்லை. அவனுக்குத்தான் தொண்டை இருந்ததே.

டிராயரை இழுத்தபோது பழக்க தோஷத்தில் ரத்தம் தலைக்கு ஏறத்தான் பார்த்தது. காதுமடல் சுட்டது. ஜோசுவா கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடமான பாடத்தை ஓட்டினான். கப்பல் என் கையில் இல்லை. லாரி என் கையில் இல்லை. டிரேயைத் தூக்கியது நான் இல்லை. நுனி எங்கே தெறித்தது என்பது என் கையில் இல்லை. ஓட்டு என்று சொன்னது மேனேஜர், அவர் வாய் என் கையில் இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பானையில் கலங்கிய தண்ணீர் தெளிகிற மாதிரி உள்ளே எல்லாம் அடியில் போய்ப் படிந்தது. மூச்சு சீராக வந்தது. இதுதானா அது! எத்தனை காலையில் கேட்டாலும் ஏதோ கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைக்குச் சிக்கியது, இன்றைக்கு முழுசாகவே வந்துவிட்டதே என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம். தீப்பெட்டியைத் திறந்து, கை நடுங்காமல் ஒரு நுனியை எடுத்தான்.

ஊசிக் கவுண்டரில் குர்ஷித் பாய் மூன்று துண்டையும் வெள்ளைத் துணியில் வைத்துச் சேர்த்தார். லென்ஸைக் கையில் எடுத்தார். பிறகு, கண்ணருகே கொண்டுபோகாமலே அதைத் திரும்ப வைத்துவிட்டார்.

"சேருது" என்றார். ஜோசுவாவின் முகத்தைப் பார்க்கவில்லை. புது ஊசியைத் துணிமேல் நகர்த்தி வைத்தார்.

ஜன்னலோர வரிசை மறுபடி ஓட ஆரம்பித்தது. "இன்னாடி இது, சங்கு ஊதவே இல்ல!" என்று யாரோ கிசுகிசுத்து, யாரோ சிரித்தார்கள். ஜோசுவா தனக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டான். பெருமையாகக்கூட இருந்தது. செண்பகம் புது ஊசியை மாட்டித் திருகை இறுக்கிக்கொண்டிருந்தாள். நூலை ஊசிக் கண்ணில் கோத்தாள். ஆனால் மிதியில் காலை வைக்கவில்லை.

"இன்னாம்மா, ஓட்டு."

"நீங்க கத்துவீங்கன்னு நெனைச்சேன் சார்."

"அதெல்லாம் விட்டாச்சும்மா. உடம்புக்கு ஆவல."

"தெரியும் சார். நல்லதுதான்." அவள் நூலின் நுனியைச் சீராக வெட்டினாள். வேறு ஏதோ வேலையில் இருப்பவள் போல, தலையைத் தூக்காமலே சொன்னாள். "ஆனா நீங்க கத்துனா ஊசி கிடைச்சிடும் சார். எவ்ளோ நேரமானாலும் கிடைச்சிடும். அந்த தைரியத்துலதான் நாங்க சாயங்காலம் பஸ் ஏறுவோம்."

அவ்வளவுதான். மெஷினை ஓட்டத் தொடங்கிவிட்டாள். அதில் குறை சொல்கிற தொனியே இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வாளே, அப்படிச் சொன்னாள். ஜோசுவாவுக்குத்தான் கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது. அவன் தன் கோபத்தை ஒரு வியாதி என்று நினைத்திருந்தான், டாக்டரும் அப்படித்தான் சொன்னார். அதற்குள்ளே இந்த எண்பது பேர் நிம்மதியாகப் படுத்துத் தூங்க ஒரு காரணம் இருந்திருக்கிறது என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

சரி, இதற்கும் மருந்து இருக்கிறது என்று தேற்றிக்கொண்டான். நடைபாதை நடுவில் நின்றபடி, பாடத்தில் சொன்னது போலத் தன்னை மேலே தூக்கினான். தகரக் கூரைக்கு மேலே, கம்பெனிக்கு மேலே. கீழே ஆம்பூர் தெரிந்தது. மணலாகக் கிடக்கிற பாலாறும், அதை ஒட்டி ரயில் தண்டவாளமும், நான்கு வழிச் சாலையில் எறும்பாக ஊர்கிற லாரிகளும் தெரிந்தன. ஒரு லாரியில் ஒரு கன்டெய்னர். எல்லாம் சின்னதாகத்தான் இருந்தன. இன்னும் மேலே போனால் இன்னும் சின்னதாகும் என்று மேலே போனான். லாரி துறைமுகத்துக்குப் போனது. கப்பல் கடலில் போனது. ஜோசுவா கடலைச் சென்னையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறான், அதற்குமேல் பார்த்தது இல்லை; ஆனாலும் கப்பல் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் ஒரு ஊர். குளிரில் ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்திருக்கிற ஊர். ஒரு கடை, ஒரு அலமாரி, ஒரு வீடு. வாசலருகே ஒரு அம்மா மண்டிபோட்டு உட்கார்ந்து, ஒரு சின்னக் காலைப் பிடித்து, சிவப்பு ஷூவுக்குள் நுழைத்துக்கொண்டிருக்கிறாள். கால் சரியாக உள்ளே போகவில்லை. அவள் உள்ளங்கையால் அழுத்துகிறாள்.

ஜோசுவா கண்ணைத் திறந்துவிட்டான். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் சின்னதாகிவிடும் என்றார்களே! கம்பெனி சின்னதாகிவிட்டது, மேனேஜர் சின்னவராகிவிட்டார், தன் வேலை, சம்பளம், பெயர் எல்லாம் கடுகாகிவிட்டன. அந்தக் கால் மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? பேச்சின் மீதிப் பாதியில் இதைத்தான் சொல்லியிருப்பார்களோ? கையில் இல்லாததை எல்லாம் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒன்று கழியாமல் நிற்குமே, அதை என்ன செய்வது என்று அந்த மண்டபத்து ஆட்கள் சொல்லாமலா போயிருப்பார்கள்?

தள்ளுவண்டியை அப்போதுதான் சோல் பகுதிக்குத் தள்ளத் தொடங்கியிருந்தார்கள். ஜோசுவா போய் அதன் கம்பியைப் பிடித்தான். பிறகு சுவர் ஓரமாக நடந்து, மெயின் சுவிட்சை இறக்கினான்.

மெஷின்கள் ஒரே நேரத்தில் நிற்கவில்லை. ஓடிய வேகத்தில் ஒவ்வொன்றாக முனகி, இழுத்து, அடங்கின. ஜோசுவா எத்தனையோ தடவை அந்த சுவிட்சை இறக்கியிருக்கிறான், ஆனால் அந்த நிசப்தத்தை ஒருநாளும் கேட்டது இல்லை. இறக்கிய கையோடு தான் கத்த ஆரம்பித்துவிடுவதால் அது வருவதற்கு இடமே கொடுத்ததில்லை. இப்போது வந்தது. கூரையில் புறாக்கள் நடக்கிற சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஜோலார்பேட்டைப் பக்கம் போகிற ஒரு சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக, நெடுநேரம் போனது. அது ஓய்ந்ததும் மசூதியில் மாலைத் தொழுகைக்கு அழைக்கிற அஸர் பாங்கு எழுந்தது. எண்பது பேர் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது. இவ்வளவும் தினமும் இந்தச் சத்தத்துக்கு அடியில் இருந்திருக்கிறதே என்று அவன் மலைத்துப்போய் நின்றான். தோளில் யாரோ கை வைத்தது போல உடம்பு சிலிர்த்தது. பயம் ஒரு பொட்டுக்கூட இல்லை. சற்றுமுன் தீப்பெட்டியைத் திறந்தபோதும் பயம் இல்லாமல்தான் இருந்தது. ஆனால் அது மரத்துப்போன பல்லில் வலி இல்லாமல் இருப்பது போல. இது அப்படி இல்லை. இதில் எல்லாமே தெரிந்தது.

வக்கார் அகமது இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தார். "யாரு ஆஃப் பண்ணது?"

"நான்தான் சார்." ஜோசுவா தீப்பெட்டியை நீட்டினான். "கவுண்டர்ல காட்டுன நுனி இதுலேர்ந்து எடுத்தது. இந்த ஊசியோடது இல்ல. இந்த லாட்டு போகக் கூடாது சார்."

மேனேஜருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வாய்க்கு வந்தபடி பேசினார். ஜோசுவாவை, ஜோசுவாவின் புத்தியை, அவனுக்கு வேலை போட்டுக் கொடுத்தவர்களை, கிடைத்ததை எல்லாம் எடுத்து வீசினார். கழுத்து நரம்பு புடைத்தது. ஜோசுவா அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருடம் தான் இப்படித்தான் இருந்தோமா என்று தோன்றியது. அந்த மனுஷன்மேல் அவனுக்கு இரக்கமாக இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தான்.

"நாளைக்கு கேட்டுக்குள்ள கால் வைக்க முடியாது, தெரியுதா?"

"அது உங்க கையில இருக்குது சார்."

"அப்ப உன் கையில இன்னாதான் இருக்குது?"

"இந்த வண்டி சார்" என்றான் ஜோசுவா.

குரல் உயரவில்லை. சொன்னது தான்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. வக்கார் அகமது அவனை ஏற இறங்கப் பார்த்தார். வண்டியில் குவிந்திருந்த சிவப்பைப் பார்த்தார். அவர் கையில் போன் அடித்தது. அதை எடுக்காமல், அடிக்கவிட்டபடியே லாரி நிற்கிற பக்கம் வெளியே நடந்தார். திட்டத்தான் போகிறாரா, டிரைவரை இருக்கச் சொல்லப் போகிறாரா, முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஜோசுவா வண்டியை நடைபாதைக்கு நடுவில் இழுத்துவந்து, பழைய அட்டைகளைத் தரையில் விரித்து, ஷூக்களைக் கொட்டினான். பக்கிளெல்லாம் இரும்பு, அதனால் காந்தம் இங்கே உதவாது. விரல்தான். ஒவ்வொன்றாக எடுத்து, ஃபோம் சுற்றிலும் அமுக்கிப் பார்க்க வேண்டும். தனியாகச் செய்தால் விடிந்துவிடும் என்று எண்ணியபடியே கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து முதல் ஷூவை எடுத்தான்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செண்பகம் வந்து, புடவையைச் சொருகிக்கொண்டு, அவனுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்து இன்னொரு நாற்காலி. அதற்கடுத்து ஒரு வரிசையே எழுந்து வந்தது. யாரும் கூப்பிடவில்லை, கத்தவும் இல்லை. ஊசிக் கவுண்டரை இழுத்துப் பூட்டிவிட்டு குர்ஷித் பாய் வந்தார். உட்கார இடமில்லாமல், மெஷின்களுக்கு நடுவே, மேஜைக்கு அடியில் எல்லாம் புகுந்து உட்கார்ந்தார்கள். விரல்கள் வேலை செய்ய ஆரம்பித்தன. தோலைத் தொட்டாலே அதன் தடிமன் சொல்லுகிற விரல்கள். அழுத்தி, நகர்ந்து, அழுத்தி, நகர்ந்து, கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பவர்கள் போல அவ்வளவு பதமாக அந்தக் குட்டி ஷூக்களைச் சுற்றி வந்தன. இவர்களைத்தான் இத்தனை வருடம் விரட்டிக்கொண்டிருந்தானா! எந்த ஊர் மண்டபத்திலும் நின்று யார் பேசியும் கேட்டிராத இவர்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றுகூட நினைக்காமல், பெயர் தெரியாத ஒரு பிள்ளையின் காலுக்காகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெளியே லாரியின் என்ஜின் உறுமியது. யாரும் தலை நிமிரவில்லை. ஜோசுவாவும் நிமிரவில்லை. கையிலிருந்த ஷூவின் ஃபோமை வெளிப்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தாயிற்று. இனி உள்பக்கம். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சின்னக் குதிகால் வந்து உட்காரும் இடத்தில் வெறும் விரலை நுழைத்தான். முதல் தடவை நடக்கப் பழகுகிற கால் எவ்வளவு நம்பிக்கையாக ஊன்றுமோ, அவ்வளவு பலமாக, மெதுவாக அழுத்தினான்.